மேல்காற்றுக்குக் கொடுத்த முட்டு

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் பாதியில் கண்டுபிடித்து, "அட, இவன் முட்டாளாக இருக்கிறானே" என்று வருத்தப்படுவதைவிட, நானே ஒப்புக்கொள்வதில் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். அதுவும் சாதாரண முட்டாள்தனம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரருடைய மூங்கிலை இரவல் வாங்கி, என் வாழைத் தோட்டத்தில் பரண் கட்டி, அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, அவருக்கே காற்றைப் பற்றிப் பாடம் நடத்தினேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை. இப்போது எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. அதில் ஒன்று, அந்தப் பரண் விழுந்திருக்க வேண்டும் என்பது.

இது இரண்டாவது உலகச் சண்டைக்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்தது.

தென்காசிக்காரனுக்குக் காற்று என்றால் மேல்காற்றுதான். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலை கொஞ்சம் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் அந்த வாய் வழியாக ஊதுகிற ஊதலில்தான் எங்களுக்குச் சாரல், குற்றாலத்துக்கு அருவி, கடைக்காரர்களுக்கு வெளியூர்க் கூட்டம் எல்லாம். கொடியில் போட்ட வேட்டி கிழக்கே போகும். குடை கிழக்கே போகும். பெரியவர்கள் துப்புகிற வெற்றிலைச் சாறும் கிழக்கே நிற்கிறவன் மேல்தான் போகும். அதனால் வீடு கட்டினால் மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்க மாட்டோம். வைக்கோல் போர் வைத்தால் மேற்கு முகத்தில் மட்டும் கயிறு போட்டுக் கல்லைத் தொங்கவிடுவோம். பேசும்போதுகூட மேற்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் பேசுவோம். தெற்கத்தி ஆள் ஒருவன் எதிர்ப்புறமாகத் திரும்பி நின்றால், "வெளியூரா?" என்று கேட்போம்.

வாழைக்கும் அதே சட்டம்தான். ஏத்தன் வாழை குலை தள்ளிவிட்டால் மரம் தலைகனத்துப் போகும். அதற்குக் கிழக்குப் பக்கத்தில் ஒரு மூங்கிலை ஊன்றி, மரத்தின் கழுத்தை அதில் சாய்த்துக் கட்டுவோம். மேற்கே இருந்து காற்று தள்ளும். கிழக்கே இருந்து மூங்கில் தாங்கும். இதற்குப் பெயர் முட்டு. ஒரு மரத்துக்கு ஒரு முட்டு. எங்கள் வாய்க்காலில் எத்தனையோ தோட்டம்; எல்லா முட்டும் ஒரே திக்கில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கை நீட்டினதுபோல நிற்கும். மேற்குப் பக்கம் முட்டுக் கொடுத்தவனை நான் பார்த்ததில்லை. மழைக்குக் குடையைத் தலைக்கு மேல் பிடிக்காமல் காலுக்குக் கீழே பிடிக்கிறவன் மாதிரி அவன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி இந்த ஊர்க்காரர் இல்லை. சுரண்டைக்குக் கிழக்கே, செம்மண் பூமியான செவக்காட்டுக்காரர். அங்கே மழை இரண்டு வருஷம் கைவிட்டதும், மதினியையும் ஒரு பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வாய்க்கால் ஓரத்தில் குத்தகைக்குத் தோட்டம் பிடித்து ஏத்தன் வைத்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். பேசாதவரைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். சீண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது.

அவருக்கு இருந்தது அந்த ஒரே வெள்ளாமை. ஓணத்துக்கு மலையாளத்து வியாபாரிகள் செங்கோட்டைக்கு வந்து ஏத்தங்குலையை அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த வண்டியில் அவருடைய குலை ஏறிவிட்டால் தோட்டம் அவர் கையில் நிற்கும், இங்கேயே இருந்துவிடலாம். ஏறாவிட்டால் மலைக்குப் போக வேண்டும். மதினியின் தம்பி மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. "வந்து சேருங்கள், இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது" என்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தான். கடிதம் வந்தால் நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

ஒருநாள் வாசித்து முடித்ததும் மதினி சொன்னாள்: "எங்க அம்மைய அந்த மலையிலதான் பொதைச்சோம். காச்சல்ல போனா. பதினாலு நாளு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். எனக்கு ஒரு தரம் ஏறுனது போதும் கொழுந்தனாரே. இந்த வாழக்குலை விளையணும்."

"வெளையும் மதினி. வெளையாம எங்க போகும்?" என்றேன். உறுதி கொடுப்பதற்கு எனக்கு என்ன செலவு?

வைகாசி பிறந்ததும் முட்டு வேலை தொடங்கியது. வாய்க்கால்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மலையடிவாரத்திலிருந்து மூங்கில் வண்டி இறக்குவது வழக்கம். அண்ணாச்சி மட்டும் இரண்டு மடங்கு கேட்டிருந்தார். அவர் பங்கு வந்து வரப்பில் குவிந்தபோது, வாய்க்கால் தூர் எடுக்க வந்த ஏழெட்டுப் பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

"என்ன அண்ணாச்சி, வாழைக்கு முட்டா, இல்ல ரயிலுக்குப் பாலமா?" என்றேன்.

"மரத்துக்கு ரெண்டு குடுக்கப்போறேன்" என்றார். "கிழக்க ஒண்ணு, மேற்க ஒண்ணு. கத்திரி மாதிரி."

"மேற்க எதுக்கு? கிழக்க இருந்து யாரு தள்ளப்போறா?"

"காத்துதாம்லே."

"சுரண்டைக் காத்தா? அங்கன காத்து இருந்தா நீங்க ஏன் இங்கன வந்திய?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். அதுதான் எனக்கு இடம் கொடுத்தது.

"செவக்காட்டுல நான் பாத்திருக்கேன்" என்றார். "சுழிக்காத்து. ஒரு பக்கம்னு கிடையாது. ஒரு ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டுப் போயி ரெண்டு தோட்டம் தள்ளி இறக்குச்சு."

"குட்டி செத்துட்டா?"

"சாகல. ஆனா அதுக்குப் பொறவு கொஞ்சம் கிறுக்காத்தான் திரிஞ்சுது."

"அதுக்கு அடுத்த வருசம்தான் நீங்க இங்கன வந்திய, என்ன?"

மறுபடியும் சிரிப்பு. ஒருவர் சிரித்த சிரிப்பில் மண்வெட்டி வாய்க்காலுக்குள் விழுந்தது. அண்ணாச்சி விடவில்லை.

"கோயில் வாசல்ல பாத்திருக்கேல்லா? கோபுர வாசல்ல நுழையும்போது மூஞ்சியில அடிக்கும். நாலு எட்டு உள்ள போனா முதுகப் பிடிச்சுத் தள்ளும். காத்துக்குத் திரும்பத் தெரியும்லே."

"அது சாமி காத்து அண்ணாச்சி. வாழைத் தோட்டத்துக்கெல்லாம் வராது. அதுக்கு வேற வேலை இருக்கு."

இந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலம் கடைத்தெருவில் மூன்று பேரிடம் சொன்னேன். அடுத்த நாள் தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் அண்ணாச்சியைப் பார்த்து, "என்ன, சுரண்டைக் காத்து கிளம்பிட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெளியூர்க்காரர், குத்தகைக்காரர், ஊர் செய்கிறபடி செய்துவிட்டுப் போவோம் என்று நினைத்திருப்பார். மரத்துக்கு ஒரு முட்டோடு நிறுத்திக்கொண்டார். மீதி மூங்கில் வரப்பில் கிடந்தது.

கிடக்கிற மூங்கிலைப் பார்த்ததும் எனக்கு யோசனை பிறந்தது. எனக்கு யோசனை பிறக்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே படுத்துத் தடுத்திருந்தால் என் வாழ்க்கை நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, இது சும்மா கிடந்து செல்லு அரிக்கும். நான் ஒரு பரண் கட்டிக்கிடுதேன். ராத்திரி பன்னி வந்தாலும் பாத்துக்கிடலாம். உங்களுக்கு எப்ப வேணுமோ, பிரிச்சுத் தாரேன்."

அவர் சரி என்றார். மதினிதான் முகத்தைச் சுளித்தாள். "கேட்டா குடுத்திருவியளா? கம்பு நம்ம கம்பு" என்று அவள் சொன்னது வரப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கேட்காததுபோல இருந்தேன்.

பரண் நன்றாக அமைந்தது. என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். நாலு கால், ஏறுவதற்குப் படி, மேலே ஓலைத் தட்டி. பன்றிக் காவல் என்பதெல்லாம் பேச்சு. பகல் முழுக்க அதில் படுத்துக்கொண்டு, கீழே வேலை செய்கிற அண்ணாச்சியிடம் வாய் கொடுப்பதுதான் அதன் உபயோகம். கிணற்று மேட்டில் இருந்த எட்டு வாழைக்கு மட்டும் அவர் யாருக்கும் சொல்லாமல் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்தார். வேலிக் கம்பை வெட்டிக் கொடுத்திருந்தார். பரணிலிருந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. அதையும் கடைத்தெருவில் சொன்னேன்.

அந்த வைகாசியில் வெயில் வழக்கத்தைவிட மோசம். கிழக்கே செவக்காட்டுப் பக்கம் வானம் நெல் அவிக்கிற அண்டாபோலக் கொதித்துக் கிடந்தது. மேற்கே மலையில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடும், பெய்யாமல் கலையும். அன்று கலையவில்லை. குற்றால மலை கறுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வருஷா வருஷம் "சீசன் ஆரம்பிச்சுட்டு" என்று ஊரில் முதலில் சொல்கிற ஆள் நான்தான். அதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. இருந்தாலும் பதவியை விட மனசு வராது. தலையில் நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக் குற்றாலத்துக்குக் கிளம்பினேன்.

அண்ணாச்சி வரப்பில் மறித்தார்.

"ஏலே, மேற்கயும் கறுக்குது, கிழக்கயும் கறுக்குது. நடுவுல ஒரு இலை அசையல. எனக்கு இது பிடிக்கல. கம்பைக் குடு. நானும் உங்க மதினியும் இருட்டுறதுக்குள்ள முடிஞ்ச மட்டும் கட்டிருதோம்."

"தலைக்கு எண்ணெய் வெச்சாச்சு அண்ணாச்சி."

"நீ போ. நான் பிரிச்சுக்கிடுதேன்."

"நீங்க பிரிச்சா கயிறெல்லாத்தையும் அறுத்து வெச்சிருவிய. நாளைக்குக் காலையில நானே பிரிச்சுச் சுமந்துட்டு வாரேன். சாரல் காத்து அண்ணாச்சி இது. துண்ட எடுத்துட்டு வாங்க, ரெண்டு பேருமாப் போயி நனைவோம்."

அவர் பரணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மூங்கில் அவருடையதுதான். ஆனால் இன்னொருவன் கட்டினதில் கை வைக்க அவருக்கு வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

குற்றாலத்தில் பெரிய அருவி நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு குரங்கு மட்டும் கீழே உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தது. அதை எழுப்பிவிட்டு நான் உட்கார்வது சரியாகப் படவில்லை. மேலே செண்பகாதேவி அருவியிலாவது தண்ணீர் இருக்காதா என்று ஏறினேன். பாதி வழியில் பாறை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே நின்றால் கீழே தென்காசி முழுவதும் தெரியும்: மொட்டைக் கோபுரம், சிற்றாறு, வாய்க்கால் ஓரமாக ஒரு பச்சைக் கோடு. வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் அங்கே உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போது கிழக்கே மேகத்துக்கு வால் முளைத்தது.

முதலில் சின்னதாக இருந்தது. பிறகு யானைத் தும்பிக்கைபோல நீண்டு, வளைந்து, தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் செம்மண் புகைந்தது. சத்தம் எங்களுக்கு எட்டவில்லை. அது மெதுவாக, யாரையோ தேடி வருகிறதுபோல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு மேற்கே வந்தது.

"அது என்னங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"மேகம் சிற்றாத்துல தண்ணி குடிக்க வருது" என்றேன். "சுரண்டைப் பக்கம் தண்ணி கிடையாதுல்லா, பாவம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். பொரிகடலையில் எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள். தும்பிக்கை ஆற்றைத் தாண்டியது. அதைச் சுற்றிப் பச்சையாக என்னவோ பறக்க ஆரம்பித்தது.

"கிளி!" என்றார் ஒருவர். "எத்தனை கிளி, பாருங்க!"

"எங்க ஊர்க் கிளி" என்று நானும் பெருமையாகச் சொன்னேன். வாயில் கடலை இருந்தது.

கிளி அப்படி வட்டமாக மேலே மேலே ஏறாது. அது எனக்குப் புரிவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. வாழை இலை என்று புரிந்ததும், எந்தத் தோட்டம் என்று பார்த்தேன். பச்சைக் கோட்டின் நடுவில் ஒரு துண்டு இல்லாமல் போயிருந்தது.

ஓடினேன். வழியில் மழை அடித்தது, பிறகு புழுதி, பிறகு மறுபடி மழை. எண்ணெய்த் தலையில் செம்மண் அப்பி, அதில் வைக்கோல் ஒட்டிக்கொண்டது. ஊருக்குள் நுழைந்தபோது என்னைப் பார்த்த ஒரு குழந்தை வீறிட்டது. என் பெண்டாட்டி என்னை அடையாளம் தெரியாமல், "யாரு அது? வீட்டுல ஆம்பிள இல்ல" என்று கதவைச் சாத்தினாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அந்தக் காற்று அகலத்தில் இரண்டு தெரு இருக்கும். அதற்கு உள்ளே இருந்தது போயிற்று. வெளியே இருந்தது ஓடு அசையாமல் நின்றது. சாலையோரப் புளியமரம் வேரோடு சாய்ந்து, மழைக்கு ஒதுங்கிய வண்டிக்காரர் ஒருவர் அதன் அடியில் நசுங்கிப் போய்விட்டார். ஒரு பனை இடுப்பில் முறுக்கி ஒடிந்திருந்தது, கரும்பை முறுக்கி ஒடித்த மாதிரி. ஒரு வீட்டுக் கூரை பிரிந்து இன்னொரு வீட்டு முற்றத்தில் நின்றது. அடுப்பில் இருந்த சோற்றுப்பானை மட்டும் அப்படியே கொதித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

தோட்டத்துக்குப் போனேன். முதல் பார்வைக்கு அண்ணாச்சியின் வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. மேல்காற்றில் விழுந்தால் எல்லா மரமும் கிழக்கே தலை வைத்துப் படுத்திருக்கும். இது அப்படி இல்லை. ஒன்று வடக்கே, ஒன்று மேற்கே, ஒன்றின் மேல் ஒன்று, யாரோ பெரிய துடுப்பை விட்டுக் கிண்டின மாதிரி. கிழக்கே கொடுத்த முட்டுகள் பல, கட்டு அறுந்து, அப்படியே ஊன்றி நின்றன. சாய்வதற்கு மரம்தான் இல்லை. மேற்கே இழுத்தபோது பிடிப்பதற்கு அங்கே எதுவும் கிடையாதே.

கிணற்று மேட்டில் மட்டும் அந்த எட்டு வாழை நின்றது. இலை எல்லாம் நார்நாராகக் கிழிந்திருந்தாலும் நின்றது.

என் தோட்டத்தில் ஓரத்து ஒரு வரிசை மட்டும் போயிருந்தது. வரப்பை ஒட்டிப் பரண் நின்றது. தட்டியில் ஓர் ஓலைகூடப் பிரியவில்லை.

மதினி விழுந்த மரங்களின் நடுவே குனிந்து, அரிவாளால் குலைகளை அறுத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். விரல் பருமன்கூட வராத பிஞ்சு. பழுக்காது. அது அவளுக்கும் தெரியும். அழவில்லை. அறுக்க இன்னும் ஒரு குலை இருக்கிற வரைக்கும் அழ வேண்டியதில்லை என்பதுபோல அறுத்தாள். அண்ணாச்சி என் பரணின் நிழலில் உட்கார்ந்திருந்தார். நிழல் வேண்டி உட்கார்ந்தவர் இல்லை, வெயிலே இல்லை.

நான் வந்ததைப் பார்த்தார்.

"குளிச்சியாலே?" என்றார்.

"தண்ணி இல்ல அண்ணாச்சி."

"ம்."

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அன்று நான் தூங்கியிருப்பேன்.

பிறகு கொஞ்ச நாள் ஊர் முழுக்கக் காரணம் தேடியது. கோபுரம் மொட்டையாக இல்லாமல் முழுசாக நின்றிருந்தால் காற்று அதில் முட்டித் திரும்பியிருக்கும் என்றார் ஒருவர். ரயிலுக்கும் சூளைக்கும் மலையடிவாரத்து மரங்களை வெட்டினதால்தான் என்றார் இன்னொருவர். கோயில் கொடைத் திருவிழாவை இரண்டு வருஷமாக நடத்தாததால் அம்மன் கோபம் என்று ஒரு கட்சி. ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத ஆளைக் காரணமாகச் சொன்னார். எனக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. நான் இல்லாத ஒரு காரணம்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரிடம் போனேன். என் வயதுதான் அவருக்கு; படித்தவர். கயிறு திரிப்பதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். கிழக்கே கொதித்த காற்று மேலே ஏறுகிறது. மேற்கே மலை இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று அடியில் நுழைகிறது. இரண்டும் இரண்டு திக்கில் இழுத்தால் நடுவில் இருப்பது புரி முறுக்குகிறதுபோல முறுக்கிக்கொள்ளும் என்றார். சாதாரணமாக அது புழுதிச் சுழியாக நின்றுவிடும். என்றைக்காவது ஒருநாள் மேகத்தோடு சேர்ந்துகொண்டால் இப்படி ஆகும். அதற்கு மேல் தனக்கும் தெரியாது, வெள்ளைக்காரன் புத்தகத்திலும் அவ்வளவுதான் போட்டிருக்கிறது என்றார்.

"மரத்துக்கு ரெண்டு முட்டு இருந்திருந்தா நின்னிருக்குமா?" என்று கேட்டேன்.

"பனையை முறிச்ச காத்துக்கு மூங்கில் எந்த மூலைக்கு? நின்னிருக்காது."

எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போய், கிணற்று மேட்டு எட்டு வாழையைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். காற்றின் ஓரம் அந்த இடத்தைத் தொடாமலே போயிருக்கலாம் என்றார். நிச்சயமா என்று கேட்டேன். நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். இறங்கின பாரம் மறுபடி ஏறி உட்கார்ந்தது. இன்றுவரைக்கும் அது இறங்கவில்லை. என் வீட்டில் வாடகை கொடுக்காமல் நிரந்தரமாகக் குடியிருப்பது அது ஒன்றுதான்.

சர்க்கார் ஆள் ஒருவர் வந்து விழுந்த மரங்களை எண்ணி எழுதிக்கொண்டு போனார். எழுதினதோடு சரி. இரண்டு வாரம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வாழைக்காய்: பொரியல், கூட்டு, புளிக்கறி. விரல் அளவு பிஞ்சைத் துவர்ப்போடு வேகவைத்துத் தின்றோம். என் வீட்டுக்கும் மதினி ஒரு கூடை அனுப்பியிருந்தாள். அதைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. தின்றேன்.

பரணை மறுநாளே பிரித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்: நாளைக்குக் காலையில் என்று சொல்லியிருந்தேன், நாளைக்குக் காலையில்தான் பிரித்தேன். ஒரு கயிற்றையும் அறுக்காமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, மூங்கிலை எல்லாம் சுமந்துகொண்டு போய் அவருடைய வரப்பில் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. ஆடி வரைக்கும் அங்கேயே கிடந்து, நான் முன்பு பயந்ததுபோலவே செல் அரித்தது.

என் தோட்டத்துக் குலையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "உனக்கும் பெண்டாட்டி இருக்கால்லா" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை. அவருடைய கங்காணி மச்சினன் கடிதம் ஒன்று வந்தது. வழக்கம்போல என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்தேன். "பதில் எழுது" என்றார். "என்ன எழுத?" என்றேன். "வாரோம்னு எழுது." மதினி உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை. என் கையெழுத்திலேயே எழுதி, என் கையாலேயே தபால் பெட்டியில் போட்டேன்.

ஆனியில் மேல்காற்று வந்தது. ஒழுங்காக, வந்த வழியாகவே, செங்கோட்டையிலிருந்து. இரண்டு நாள் மரங்களைப் போட்டு உலுக்கியது. கிழக்குப் பக்கத்தில் ஒற்றை முட்டுக் கொடுத்த என் வாழை ஒன்றுகூட விழவில்லை. வாய்க்கால்காரர்கள் என்னைப் பார்த்து, "நீ சொன்னது சரிதாம்யா" என்றார்கள். நான் சொன்னது சரிதான். ஓணத்துக்கு என் குலை எல்லாம் செங்கோட்டை வண்டி ஏறியது. வாழ்க்கையில் நான் சொன்னது சரியாகப் போனது அந்த ஒரு தடவைதான். அதை யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியவில்லை.

மதினி மலையில் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. காய்ச்சல்தான். கங்காணித் தம்பி ஒரு கார்டு போட்டிருந்தான். எத்தனை நாள் கிடந்தாள் என்று அதில் இல்லை. அண்ணாச்சியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது, எழுதிக் கொடுக்க நானும் அங்கே இல்லை.

ஆனால் அது பிறகு. ஆடியில் அவர்கள் கிளம்பின அன்று நான் தென்காசி ஸ்டேஷனுக்குப் போனேன். நல்ல சாரல். சீசன் உச்சத்தில் இருந்தது. வந்து நின்ற ரயிலிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் காலி செய்த இடத்தில்தான் இவர்கள் ஏறினார்கள். வண்டி செங்கோட்டை தாண்டி மலையைக் குடைந்துகொண்டு போகும். சுரண்டையிலிருந்து கொண்டுவந்த அதே பெட்டிதான், கூட ஒரு சாக்கு மூட்டை. மதினி மேற்கே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குள் அவளும் எங்கள் ஊர்க்காரியாகியிருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. "போயிட்டு வாங்க மதினி" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அண்ணாச்சி ஜன்னலில் கை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார். விசில் ஊதியாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வாயைத் திறந்தால் என்ன வருமோ அதுதான் வந்தது.

"அங்கனயும் காத்து உண்டும் அண்ணாச்சி. பாத்து இருங்க."

அவர் மலையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அங்கன நீ கிடையாதுல்லா."